78,000 ரூபாவுக்கு வந்தது நிக்கல் பெயின்ற் இல்ல, கரிச்சாயம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சோலார் சார்ஜர், எல்ஈடி டிரைவர் பெட்டி செய்யிற ஆக்கள் வாசியுங்க. காசு போய் நாலு நாள்தான். சூடு இன்னும் ஆறல்ல.

வாழைச்சேனை போட்டுகளுக்கு 40 சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர் செய்யிற வேலை. பெட்டி ஏபிஎஸ் பிளாஸ்ரிக். சார்ஜர் ஓடினா போட்டின்ட விஎச்எப் றேடியோவில, ஆபத்துக்குக் கூப்பிடுற சனல் 16 முழுக்க இரைச்சல். பிளாஸ்ரிக் மின்காந்த அலையை மறிக்காது, உள்பக்கம் மின் கடத்துற பெயின்ற் அடிக்கவேணும். அதுக்குத்தான் முகநூலில இறக்குமதிச் சாமான் விற்கிற கொழும்பு ஆள் ஒருத்தரிட்ட ஒரு லீற்றர் டின் இரண்டு, 78,000 ரூபா.

நம்ப வைச்சது 20 செக்கன் வீடியோ. பெயின்ற் அடிச்ச சாம்பல் நிறத் துண்டில மீற்றர் முனை இரண்டையும் வைக்கிறார், 'பீப்' அடிக்குது. "நிக்கல் அக்ரிலிக், 60 டெசிபெல், றிப்போட்டும் இருக்கு அண்ணன்" எண்டார். டெசிபெல் எண்டா அலையை எவ்வளவு மறிக்குது எண்ட அளவு. றிப்போட்டும் வந்தது. அதில சோதிச்ச பெயின்ற் வெள்ளி பூசின செம்புத் தூள். வங்கியில காசு போட்ட பிறகுதான் அந்த வரி கண்ணில பட்டது. வெக்கக்கேடு.

அந்த பீப்புக்குப் பெறுமதியே இல்ல. சில பத்து ஓமுக்குக் கீழ எது வந்தாலும் மீற்றர் கத்தும். 60 டெசிபெல் வேணுமெண்டா பூச்சின்ட தடை ஒரு சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமனான துண்டுக்கு) 0.2 ஓம் அளவில இருக்கவேணும். 1 ஓம் எண்டா 45 டெசிபெல், 10 ஓம் எண்டா 26 டெசிபெல்தான். ஓம் எண்டு சொல்லுறது அவரிட வாய், ஓம் எத்தனை எண்டு மீற்றர்தான் சொல்லவேணும்.

டின்னைத் திறந்தா கரிக்கறுப்பு. நிக்கல் பெயின்ற் காய்ஞ்சா சாம்பல் நிறம். நிக்கலின்ட அடர்த்தி 8.9, கரிச்சாயத்தில போடுற கிராபைற்றின்ட 2.2, அதனால நிக்கல் டின்னைத் தூக்கினாலே பாரம் தெரியும். இது தண்ணிப் போத்தல் மாதிரி. காய்ஞ்ச பூச்சில காந்தம் இழுக்கவே இல்ல. ஏபிஎஸ் துண்டில 1 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு அடிச்சு, இரண்டு அந்தத்திலயும் செம்பு நாடா இறுக்கி அளந்தா 4,200 ஓம். பத்துச் சதுரம், அப்ப சதுரத்துக்கு 420. கணக்குப் போட்டா 3 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல. அலையின்ட சக்தியில கிட்டத்தட்டப் பாதி சும்மா வெளிய போகுது. தூள் ஒண்டோட ஒண்டு தொட்டுச் சங்கிலி மாதிரி நிண்டாத்தான் கரண்ட் ஓடும். பசை கூடி, தூள் குறைஞ்சா சங்கிலி அறுந்திடும்.

மறுகா தொடங்கினது சாட்டு. முதல்ல "நல்லாக் கலக்கியிருக்க மாட்டீங்க". நிக்கல் அடியில படியும், அது உண்மை, அதுக்காகத்தான் பத்து நிமிசம் துடுப்புப் போட்டுக் கலக்கினது. பிறகு "இன்னும் இரண்டு கோட் அடிங்க". தடிப்பு இரட்டிச்சாத்தான் தடை பாதியாகும். 420ஐ 0.19க்குக் கொண்டுவர 2,200 மடங்கு தடிப்பு வேணும், அதாவது 50 மைக்ரோன் பூச்சு 11 சென்ரிமீற்றர் ஆகவேணும். பெட்டிக்குள்ள பெயின்ற் மட்டும்தான் இருக்கும்! அதையும் எழுதி அனுப்பியாச்சு. "திறந்த டின் எடுக்கமாட்டம்" எண்டு பதில். இப்ப நீலச் சரி மட்டும் விழுது, பேச்சில்ல. 78,000 ரூபா. வங்கி வைப்பு எண்டபடியா காட் மாதிரித் திருப்பிக் கேக்கவும் வழியில்ல.

வாங்குற முறையை விபரமா எழுதத்தான் இருந்தது, இப்ப இவ்வளவுதான் வருது. முதல்ல 50 மில்லிலீற்றர் மாதிரி கேளுங்க, தரமாட்டன் எண்டா விடுங்க. சதுரத்துக்கு எத்தனை ஓம், எந்தத் தடிப்பில எண்டு எழுத்தில வாங்குங்க. காந்தம் இழுத்தா மட்டும் நம்பவும் வேணாம், கறுப்பு இரும்பு ஒக்சைட்டையும் இழுக்கும். நல்ல பெயின்ற் கிடைச்சாலும் மூடி இடுக்கைப் பாருங்க: சனல் 16இன்ட 156.8 மெகாஹேர்ட்ஸில அலைநீளம் 1.9 மீற்றர், இடுக்கு 9 சென்ரிமீற்றருக்கு மேல தொடர்ந்து நீண்டா அதாலயும் கசியும், இடையில ஸ்குரூ போடுங்க. வயர் வாற ஓட்டையில பெரைற் வளையம் (வயரால போற இரைச்சலை அடக்குற காந்த வளையம்) போடுங்க. சார்ஜருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளின்ட குறைஞ்ச அதிர்வெண் காந்தப்புலத்தைப் பெயின்ற் மறிக்காது, அதுக்கு இரும்புத் தகடுதான்.

அவசரத்துக்கு இப்ப செம்பு நாடாதான் ஒட்டுப்படுது. அதிலயும் பசை கடத்தாத நாடா இருக்கு, மூட்டு எல்லாத்தையும் ஈயம் வைச்சு ஒட்டுங்க.