விற்ற பிறகு நன்றி சொல்வது: பில்லில் ஒரு வரியா, குறுஞ்செய்தியா, ஒரு போனா?

கோவையில் எங்கள் குடும்பம் சிறிய வெட் கிரைண்டர் கடை ஒன்று நடத்துகிறது. கிரைண்டர் ஒரு வீட்டுக்குள் போனால் பல வருடம் ஓடும். வாங்கியவர் மறுபடி கிரைண்டர் வாங்க எப்போது வருவாரோ தெரியாது. "அப்புறம் எதுக்கு நன்றி, ஞாபகப்படுத்தல் எல்லாம்?" என்று தம்பி ஒருமுறை கேட்டான். அவர் வராவிட்டாலும் அவர் நாத்தனார் வருவார், எதிர்வீட்டு அக்கா வருவார் என்பது வியாபாரக் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. தெருவில் இத்தனை கடை இருக்க, நம்மை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்த மனிதருக்கு அது நாம் செய்ய வேண்டிய மரியாதை. எப்படிச் செய்வது என்பதில்தான் பல வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

எல்லாக் கடைகளிலும் இருப்பது பில்லின் அடியில் அச்சடித்த 'நன்றி, மீண்டும் வருக'. தனியாகச் செலவு இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே வரி என்பதால் அது யாருக்கும் சொன்னதாக ஆவதில்லை. இதோடு அப்பா செய்வதை வைத்துப் பாருங்கள். அவர் வாயால் 'நன்றி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நம் பக்கத்தில் அந்தச் சொல் பேச்சில் அதிகம் வராது. கல்லாவை விட்டு எழுந்து, வாசல் வரை வந்து, பெட்டி ஆட்டோவில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்பார். பில்லில் உள்ள வரியைவிட இது பல மடங்கு மேல்.

குறுஞ்செய்தி சுலபம் என்று நினைத்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, கடை சார்பில் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் அடையாளம், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'நன்றி மீண்டும் வருக' என்பதற்கே 19 இடம் போய்விடும். மிச்சத்தில் வாங்கியவர் பெயரையும் கடைப் பெயரையும் போட்டால், மனதிலிருந்து ஒரு வாக்கியம் எழுத இடமில்லை.

இடம் இருந்தாலும் அது என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். ஒரு பெரிய கடையில் ஃபிரிட்ஜ் வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் நன்றிச் செய்தி வந்தது. அடுத்த வரியில் தவணைச் சலுகை, அதற்கடுத்து ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு லிங்க். ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடவில்லை என்று நான் அதே எண்ணுக்கு அனுப்பிய பதில் போகவே இல்லை. பதில் சொல்ல வழியில்லாத நன்றி எனக்கு வேண்டாம். பில் தொகைக்கு ஒரு பதிவு வேண்டுமென்றால் எஸ்.எம்.எஸ். போதும், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் பதிலாவது வரும். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பினால் நல்லது. பண்டிகைக்குப் பண்டிகை பூப்படம் அனுப்புவதை விட்டுவிட்டோம்.

இப்போது எங்களிடம் நிலைத்திருப்பது போன். விற்ற பத்தாவது நாள் கூப்பிடுகிறோம். பத்து நாள் என்பதற்குக் காரணம் உண்டு. புதுக் கல்லில் கல்தூள் இருக்கும். முதலில் கொஞ்சம் பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் மாவுக்குப் போட வேண்டும். கடையில் சொன்னாலும் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். பத்து நாளில் இரண்டு, மூன்று தடவை மாவு ஆட்டியிருப்பார்கள், சந்தேகங்களும் சேர்ந்திருக்கும். "எப்படிங்க்கா இருக்கு, உளுந்து நல்லாப் பொங்குதுங்களா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு அம்மா, கல் நின்று நின்று சுற்றுகிறது, மோட்டார் கெட்டுவிட்டது போல என்றார். தண்ணீரை மொத்தமாகக் கடைசியில் ஊற்றியிருக்கிறார். கெட்டியாகிப் பெல்ட் வழுக்கியிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சரியானது. போன் போகாமல் இருந்திருந்தால் அந்த கிரைண்டரைக் குறை சொல்லிக்கொண்டே வைத்திருப்பார், யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

போனிலும் தவறு செய்யலாம். அந்தப் பேச்சில் மிக்ஸி சலுகையை நுழைத்தால் அது விளம்பர அழைப்பாகிவிடும், நாங்கள் நுழைப்பதில்லை. எண்ணைக் கட்டாயமாகக் கேட்பதும் இல்லை. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் துறையே, கைப்பேசி எண்ணைக் கொடுத்தால்தான் விற்பேன் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்றது. "பத்து நாள் கழிச்சு ஒருதடவை கூப்பிட்டுக் கேட்கலாங்களா?" என்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

கடிதத்துக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் ஜோ ஜிரார்ட். டெட்ராய்ட் பக்கம் ஒரு செவ்ரலே கடையில் 1963 முதல் 1978 வரை 13,001 கார்களைச் சில்லறையில் விற்று கின்னஸில் இடம்பிடித்தவர். வாங்கியவர்களுக்கு மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டே இருந்தார். அஞ்சலட்டை நம் ஊரில் 50 பைசாதான். கையெழுத்தில் பெயர் பார்த்தால் இன்றைக்கும் மனம் மலரும். கிரைண்டர் விற்கும் எங்களுக்கு இதில் ஒரு குறை, அட்டையிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் வீட்டிலிருந்து சேலையோ ஊறுகாயோ கூரியரில் விற்பவருக்கு, பார்சலுக்குள் கையால் எழுதிய நாலு வரியைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

பொருளாகக் கொடுப்பதில் தினசரி காலண்டர் பழைய வழக்கம். சுவரில் வருடம் முழுக்கத் தொங்கும். ஆனால் பாதி நம் விளம்பரம். கொசுறு அப்படியில்லை. காய்கறிக்காரம்மா பணம் வாங்கி முடித்த பிறகு ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பையில் போடுகிறாரே, அதுதான் எனக்குத் தெரிந்த அசல் நன்றி. எப்போது போடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலை பேசும்போது கொடுத்தால் அது தள்ளுபடி. இதைப் பார்த்துத்தான் உபரி பெல்ட் ஒன்றை பில் போட்ட பிறகு பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தோம்.

மளிகை, காய்கறிக்குக் கொசுறும் வாய்ச்சொல்லும் போதும். வருடக்கணக்கில் ஓடும் பொருளுக்குப் போன்தான். தீபாவளி சமயத்தில் ஒரே நாளில் நிறைய கிரைண்டர் போகும்போது பத்தாவது நாள் அழைப்புகளும் குவியும். அப்போது எண்களை எழுதி வைத்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா பாதி, நான் பாதி கூப்பிடுகிறோம். அம்மா கூப்பிடும் வீடுகளில் பேச்சு இட்லிப் பக்குவம் வரை போய், ஒவ்வொன்றும் கால் மணி நேரம் ஆகிவிடுகிறது.