பிளாக் டிக்கெட்டுக்கும் ரசீது தரும் கவுன்டர்: ஃபிஃபாவின் 2026 டிக்கெட் சேவை எப்படி?

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் 2026 உலகக் கோப்பை டிக்கெட் ஒன்றை 400 டாலருக்கு ஏற்றினால் கணக்கு இப்படிப் போகும். வாங்குகிறவர் 15 சதவீதம் கூடக் கட்ட வேண்டும், ஆக 460. விற்கிறவரிடமும் 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அவர் கைக்கு வருவது 340. நடுவில் நிற்கும் 120 டாலர் ஃபிஃபாவுக்கு. அந்த டிக்கெட் முதலில் 200 டாலருக்கு விற்றது என்றால் அதுவும் ஏற்கெனவே ஃபிஃபாவின் கல்லாவில்தான் இருக்கிறது. வாங்கியவருக்கும் போக முடியாமல் அதே விலைக்கு மறுபடி ஏற்றி, அது விற்றும் போனால் இன்னொரு 120. ஒரே ஆட்டம், ஒரே நாற்காலி, ஃபிஃபாவுக்கு 440 டாலர்.

தியேட்டர் வாசலில் "அஞ்சு பத்து, அஞ்சு பத்து" என்று முணுமுணுத்தவனைப் போலீஸ் விரட்டும். இங்கே அவனுக்குக் கவுன்டர் கட்டிக் கொடுத்து, விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் இரண்டு பக்கமும் கமிஷன் எடுக்கிறார்கள். 2026 டிக்கெட் சேவை பற்றி ரசிகர்களுக்கு இருக்கும் கோபத்தின் முக்கால் பங்கு இதில் அடங்கிவிடும். மீதிக் கால் பங்கு பழைய பாக்கி, அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் சேவை. ஒரு ஃபிஃபா ஐடி தொடங்கி, குலுக்கலுக்கு விண்ணப்பிப்பதுதான் பொதுவான வழியாக இருந்தது. 2025 செப்டம்பரில் விசா கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குலுக்கல், 45 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அக்டோபர் கடைசியில் இரண்டாவது. எந்த அணி எங்கே ஆடும் என்பது முடிவான பிறகு, டிசம்பர் 11 முதல் ஜனவரி 13 வரை மூன்றாவது. கடைசிக் கட்டம் முந்துபவர்க்கே. ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 டிக்கெட், மொத்தப் போட்டிக்கும் சேர்த்து 40.

மூன்றாவது குலுக்கலில் பலர் கவனிக்காமல் விட்டது பணம் பிடிக்கும் முறையை. பெயர் விழுந்தால் "வேண்டுமா?" என்ற கேள்வியே கிடையாது, கார்டில் நேரடியாகப் பணம் எடுப்பார்கள். பத்து ஆட்டங்களுக்கு ஆசைப்பட்டுப் போட்டு பத்தும் விழுந்தால் பத்துக்கும் கட்ட வேண்டும். ஒன்றுதான் விழுந்தது என்றால், மற்ற ஒன்பதை நம்பிப் போட்ட பயணத் திட்டம் காற்றில். கார்டில் அந்த நேரத்தில் லிமிட் இல்லாவிட்டாலோ, காலாவதி ஆகியிருந்தாலோ, இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை சுவிட்ச் அணைந்திருந்தாலோ கிடைத்த டிக்கெட்டும் கைவிட்டுப் போகலாம். ஆகவே விழுந்தால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் விண்ணப்பிப்பதுதான் புத்தி.

விண்ணப்பிக்கும்போது தெரிவது பிரிவு மட்டுமே, 1 முதல் 4 வரை. எந்த வரிசை, எந்த நாற்காலி என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். 60 டாலர் என்று விளம்பரத்தில் வந்தது நான்காம் பிரிவு. அரங்க வரைபடத்தைத் திறந்தால் அந்த நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், மேல்தட்டின் மூலைகளில் துண்டு துண்டாக ஒட்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாக வருபவரின் இருக்கையும் இலவசம் இல்லை, தனியாக வாங்க வேண்டும். ரசிகர் அமைப்புகள் விலைக்கு அடுத்தபடியாகக் கத்தியது இதற்குத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

ஆப் ஓரளவு ஒழுங்காகவே இருக்கிறது. டிக்கெட் போனில் மட்டும்தான், காகிதம் கிடையாது. வாசலில் நெட்வொர்க் திணறும் என்பதால், வீட்டிலேயே லாகின் செய்து டிக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்னொன்று, டிக்கெட் இருந்தால் விசா வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஃபிஃபாவிடம் நேரடியாக வாங்கியவர்களுக்கு அமெரிக்கா விசா நேர்காணல் தேதியைச் சீக்கிரம் தரும் என்பதே ஏற்பாடு. விசா தருவதும் மறுப்பதும் அதிகாரி கையில்.

இனி விலை. 2026 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை கேட்டு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து 2018-இல் சமர்ப்பித்த ஆவணத்தில் குறைந்தபட்ச டிக்கெட் 21 டாலர் என்று எழுதியிருந்தார்கள். இறுதிப் போட்டிக்கு அதிகபட்சம் 1,550. 2025 டிசம்பரில், அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கங்கள் மூலம் தங்கள் விசுவாச ரசிகர்களுக்கு விற்க ஒதுக்கிய டிக்கெட்டுகளின் விலை வெளியானது. இறுதிப் போட்டிக்கு ஆகக் குறைந்ததே 4,185 டாலர். முதல் சுற்று ஆட்டங்களுக்குக்கூட ஒரே விலை இல்லை. ஸ்காட்லாந்து - ஹைட்டி 180 டாலரில் ஆரம்பம், இங்கிலாந்து - குரோஷியா 265. எந்த ஆட்டத்துக்குக் கிராக்கி என்று பார்த்து விலை வைத்திருக்கிறார்கள். மலிவான நான்காம் பிரிவு இந்த ஒதுக்கீட்டில் சேர்க்கப்படவே இல்லை. பத்துப் பதினைந்து வருடமாக அணியோடு ஊர் ஊராகப் போகிறவருக்குக் கிடைக்கிற மரியாதை இது!

ஐரோப்பிய ரசிகர் அமைப்பான ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் யூரோப் இதை உலகக் கோப்பையின் மரபுக்குச் செய்த பெருந்துரோகம் என்றது. முதல் ஆட்டத்திலிருந்து இறுதி வரை அணியைப் பின்தொடர டிக்கெட்டுக்கு மட்டும் சுமார் 6,900 யூரோ ஆகும் என்றும், 2022 கத்தார் உலகக் கோப்பையை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் கணக்குப் போட்டுக் காட்டியது. விற்பனையை நிறுத்து என்றது. ஐந்தே நாளில், டிசம்பர் 16 அன்று, ஃபிஃபா இறங்கி வந்தது: இறுதிப் போட்டி உட்பட 104 ஆட்டங்களுக்கும் 60 டாலர் டிக்கெட்.

எத்தனை டிக்கெட் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியின் சங்கத்துக்கும் 8 சதவீத இருக்கைகள். அந்த எட்டில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் 60 டாலர். 80,000 டிக்கெட் விற்கிற அரங்கம் என்று வைத்துக்கொண்டால் ஓர் அணிக்கு 6,400, அதில் 640. இரண்டு அணிக்கும் சேர்த்து 1,280. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் ரசிகர்கள் சத்தம் போட்டு ஃபிஃபாவிடமிருந்து உருவிய சில விஷயங்களில் ஒன்று என்பதால் இதை அலட்சியம் செய்ய மனம் வரவில்லை.

இப்போது பழைய பாக்கி. ஃபிஃபாவில் டிக்கெட்டும் ஊழலும் ஒட்டிப் பிறந்தவை. 2006 ஜெர்மனி உலகக் கோப்பையில், அப்போதைய துணைத் தலைவர் ஜாக் வார்னரின் குடும்பத்துப் பயண நிறுவனம் டிரினிடாடில் டிக்கெட்டுகளைச் சுற்றுலாத் தொகுப்போடு கட்டி ஏற்றிய விலைக்கு விற்றது தணிக்கையில் வெளிவந்தது. கண்டித்துவிட்டு விட்டுவிட்டார்கள், 2011 வரை பதவியில் இருந்தார். 2014 பிரேசில் டிக்கெட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்கும் ஏற்பாட்டில் பங்கு என்று பொதுச்செயலாளர் ஜெரோம் வால்க்கே மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். 2015 செப்டம்பரில் இடைநீக்கம், 2016 ஜனவரியில் பணிநீக்கம், அடுத்த மாதம் 12 ஆண்டுத் தடை, மேல்முறையீட்டில் 10.

இடையில் 2015 மே 27 காலை, ஜூரிக்கின் போர் ஓ லாக் ஓட்டலில் ஏழு கால்பந்து நிர்வாகிகள் கைது. 24 ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கு மேல் லஞ்சம் என்றது அமெரிக்கக் குற்றப்பத்திரிகை. அந்த ஜூலையில் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் செய்தியாளர் சந்திப்பில் புகுந்து அப்போதைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர் தலையில் போலி டாலர் நோட்டுகளை வீசினார். ரசிகர்கள் பல வருடம் பதாகைகளில் எழுதியதை அந்த ஒரு புகைப்படம் சொல்லிவிட்டது. பிறகு 2021-இல், மீட்ட பணத்திலிருந்து 20.1 கோடி டாலர் வரை ஃபிஃபாவுக்கும் அமெரிக்கக் கண்டங்களின் இரு கூட்டமைப்புகளுக்கும் திருப்பித் தருவதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் ஃபிஃபாதான் பாதிக்கப்பட்ட தரப்பு. கூடுதல் விலைக்கு டிக்கெட் வாங்கியவன் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுவிற்பனைக் கமிஷன் லஞ்சம் இல்லை. விதிமுறையில் எழுதியிருக்கிறது, வருமானக் கணக்கில் வருகிறது, யார் சட்டைப் பைக்கும் போகவில்லை. விளையாட்டு வளர்ச்சிக்குத்தான் செலவழிக்கிறோம் என்கிறது ஃபிஃபா. அது பொய் இல்லை, ஆனால் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். 2023 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை வளர்ச்சி நிதி. 211 சங்கங்கள், ஆளுக்கு ஒரு வோட்டு, அந்த வோட்டில்தான் தலைவர் வருகிறார். டிக்கெட் வாங்குகிறவருக்கு வோட்டு இல்லை. 4,185 டாலர் என்று விலை வைக்கிறவருக்கு உள்ளுக்குள் பயம் வர ஒரு காரணமும் இல்லை.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவரும்? டொராண்டோ, வான்கூவர் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஓரளவு. விமானம், ஓட்டல், விசா கவலை இல்லாததால் கடைசி நேரம் வரை பொறுக்கலாம், மறுவிற்பனை விலை இறங்கினால் வாங்கலாம், இறங்காவிட்டால் டிவி. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவர் மறுவிற்பனையை நம்பித் திட்டம் போடவே கூடாது. மறுவிற்பனைக்கு வாங்கினாலும் வெளித் தளங்களை விட ஃபிஃபாவின் தளமே பாதுகாப்பு, போலி டிக்கெட் ஆபத்து இல்லை. அந்த 15 சதவீதத்துக்கு நமக்குக் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான். ஆப்புக்குப் பத்துக்கு ஏழு, குலுக்கல் முறைக்கு நான்கு, விலைக்கு ஒன்று, அந்த ஒன்றும் 640 நாற்காலிகளுக்காக.

மெக்சிகோ அரங்குகளில் நடக்கும் ஆட்டங்களுக்கு மெக்சிகோவில் வசிப்பவர்கள் டிக்கெட்டைக் கைமாற்ற ஃபிஃபாவே வேறொரு சந்தை வைத்திருக்கிறது. அதில் வாங்கிய விலைக்கு மேல் ஒரு பெசோகூடச் சேர்த்துப் போட முடியாது.