பார்ப்பதற்கே ஆயிரம் ரூபா கேட்ட கிராண்ட்பாஸ் கராஜ்

“பார்ப்பதற்கு ஆயிரம் ரூபா, சேர். கழற்றினால் அது வேறு கணக்கு” என்று அந்த மெக்கானிக் நானா சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிச் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேறோர் இடத்தில் 34,000 ரூபா எண்ணி வைத்திருந்தேன். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் வீடு வீடாகப் போய்க் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். வண்டி பழைய ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர், 97.2 சிசி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களின் விலைகூடக் கைக்கு எட்டாமல் போனது. இருப்பதைச் செய்து ஓட்டுவோம் என்று சிலிண்டரைப் போர் பண்ணி, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, அரை மில்லிமீட்டர் கூடிய பிஸ்டன் போட்டாயிற்று. 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 50.50 ஆனது.

வந்த வண்டியோ போன வண்டியைவிட மோசம். களனிப் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கினால்தான் நகரும். பின்னால் நீலப் புகை. என்னிடம் குறிப்புப் புத்தகம் வைக்கும் பழக்கம் உண்டு. எழுநூறு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ அரை லீட்டர் ஒயில் ஊற்றியிருக்கிறேன். அந்த எஞ்சின் கொள்வதே ஒரு லீட்டருக்குச் சற்றுக் குறைவு. செய்தவரிடம் போனால் “ரிங் இன்னும் உட்காரவில்லை, மெதுவாக ஓட்டுங்கள்” என்று மூன்று முறையும் அதே பதில். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ரிங்; அது சிலிண்டர் சுவரோடு உராய்ந்து பொருந்துவதைத்தான் உட்காருவது என்பார்கள். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்தக் கராஜ். பலகை கிடையாது. ஒரு தகரக் கூரை, அதன் கீழ் நான்கு வண்டிகள், சுவரில் அளவு வரிசையில் தொங்கும் ஸ்பானர்கள். அந்த வரிசையைப் பார்த்தபோதே பாதி எரிச்சல் தணிந்துவிட்டது.

நானா ஆணி எதையும் கழற்றவில்லை. என்னை முன்னால் ஓட்டச் சொல்லிவிட்டு, இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தார். முறுக்கச் சொன்னார். பிறகு வேகத்தில் அக்சலரேட்டரை முழுதாக விட்டுவிட்டுச் சற்றுத் தூரம் போய் மறுபடி முறுக்கச் சொன்னார். திரும்பி வந்து பிளேன்டீ குடித்தபடி விளக்கினார். விட்டுப் பிடிக்கும்போது மட்டும் குப்பென்று புகை வந்தால் வால்வுத் தண்டு வழியாக ஒயில் இறங்காமல் காக்கும் சீலும், தண்டு ஓடும் கைடும் சந்தேகம். காலையில் முதல் உதைக்கு வரும் புகையும் அந்த வகைதான். முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம். என் வண்டி இரண்டாம் வகை.

“ஆனால் இழுவை இல்லாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு நோயை ஒன்று என்று நினைக்கக் கூடாது” என்றார். இடப்பக்க மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். அப்போது மேலே, வால்வுகளை இயக்கும் கேம் பற்சக்கரத்தின் வட்டக் குறி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக வர வேண்டும். வரவில்லை. கீழையும் மேலையும் இணைக்கும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. வால்வுகள் இரண்டு மாதமாகத் தப்பான நேரத்தில் திறந்து மூடியிருக்கின்றன! நானோ ரிங் உட்காரட்டும் என்று நாற்பதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்த பிறகுதான் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை எடுத்தார். முதலிலேயே அளந்தால் என்ன என்றேன். டைமிங் பிழையாக இருந்தால் அளவும் பொய் சொல்லும் என்றார். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இந்த ஒழுங்கு பிடிக்காமல் இருக்குமா? அக்சலரேட்டரை முழுக்கத் திறந்து உதைத்ததில் 95 பிஎஸ்ஐ. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி உதைத்தார்: 140. ஒயில் போய் இடுக்கை அடைத்ததும் அழுத்தம் ஏறினால் ஒழுகுவது ரிங் வழி. ஏறாமல் நின்றிருந்தால் வால்வையோ, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும்தான் அந்த ஆயிரம் ரூபா.

மறுநாள் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். இரண்டாவது ரிங்கை எடுத்து, துணியால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் வாய்ப்பக்கத்தில் கடுகிலும் சிறிய ஓர் எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே கொண்டுபோய்த்தான் பார்க்க முடிந்தது. அந்த எழுத்து மேலே பார்க்க வேண்டும். என்னுடையதில் கீழே பார்த்தது. அந்த ரிங்கின் முகம் நேர் இல்லை, சற்றுச் சரிவு. சரியாக மாட்டினால் சுவரிலுள்ள ஒயிலைக் கீழே வழிக்கும்; கவிழ்த்து மாட்டினால் மேலே ஏற்றி எரிய விடும். தட்டகப்பையைத் திருப்பிப் பிடித்துத் தோசை எடுப்பது போன்ற வேலை. அதோடு ஒயில் ரிங்கின் நெளிவுத் தகட்டின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. சிலிண்டர் சுவரில் பாய்ப் பின்னல் போலக் குறுக்குமறுக்காக இருக்க வேண்டிய கோடுகளையும் காணவில்லை. மழமழவென்று மின்னியது. ஒயிலைப் பிடித்துவைக்கக் கோடு இல்லாவிட்டால் ரிங் எத்தனை மாதம் ஓட்டினாலும் உட்காராது.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரிங் செட் வாங்கி வந்தேன், 2,800 ரூபா. பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று கடையையும் அவரே சொல்லி அனுப்பினார். லேத்தில் ஹோன் பண்ண, அதாவது சுவரில் அந்தக் கோடுகளை மறுபடி போட, 1,500. ஒவ்வொரு ரிங்கையும் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் அளந்த பிறகே மாட்டினார். கூலி 6,500.

குறைகளையும் சொல்ல வேண்டும். புதன் என்றார், சனிக்கிழமைதான் கிடைத்தது. மூன்று நாள் வத்தளைக்குப் பஸ்ஸில் போனேன். தொலைபேசியை எடுக்கவே மாட்டார். பற்றுச்சீட்டுக் கேட்டால் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதித் தருகிறார். அட்டை செல்லாது, காசுதான். வெள்ளிக்கிழமை பகலில் போனால் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை ஒழுங்கையில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது 1,100 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒயில் குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. பாலத்தில் நான்காம் கியரிலேயே ஏறுகிறேன். இரண்டாம் கியரில் மட்டும் ஒரு முனகல் கேட்கிறது என்று போன கிழமை போய்ச் சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், “அது கியர்ப்பெட்டி, சேர். அதைப் பார்க்க ஆயிரம் ரூபா” என்றார்.