வேலூரில் குழந்தையோடு தங்க: லாட்ஜா, டிரஸ்ட் விடுதியா, மாத வாடகை போர்ஷனா?

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், முதல் வாரம் யாரும் இடம் பார்த்துத் தங்குவதில்லை. காந்தி ரோட்டிலோ பாபு ராவ் தெருவிலோ கிடைத்த லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு ஓடுவதுதான். நாங்களும் அப்படித்தான் வந்தோம். ஆனால் ஏஎல்எல் என்கிற ரத்தப் புற்றுநோய் வகைக்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருஷம் நீளும். அதில் ஆரம்ப மாதங்களில் ஊருக்குப் போய் வருவது நடக்கிற காரியமில்லை.

லாட்ஜின் பலம் தூரம். கீமோவுக்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கியிருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்பது அப்போது பெரிய நிம்மதி. குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டால் ரூமைக் காலி செய்து வாடகையையும் நிறுத்திக்கொள்ளலாம்.

டிரஸ்ட் விடுதிகளில் நாங்கள் தங்கியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லிக் கேட்டதுதான்: செலவு மிகக் குறைவு, சுத்தத்தில் கறார், இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களை இலவசமாகத் தங்க வைக்கின்றன. இப்படி எங்காவது இடம் உண்டா என்று ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கிடைத்தால் மேலே படிக்கவே வேண்டாம்.

கிடைக்காவிட்டால் என் ஓட்டு போர்ஷனுக்குத்தான். நாங்கள் தோட்டப்பாளையத்தில் பிடித்தோம். காரணம் ஒன்றே ஒன்று, அடுப்பு.

முதல் மாதம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது ஏற்றிவிடும் பசி சாதாரணப் பசி இல்லை. எங்கள் பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, உப்பும் காரமுமாக ரசம் சாதம் வேண்டும் என்று அழுவான். எந்த ஓட்டல் அப்போது திறந்திருக்கும்? அடுத்த கட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் என்கிற கீமோ மருந்து வாயைப் புண்ணாக்கியதும் எல்லாம் தலைகீழ். காரம் பட்டாலே அலறல், ஆறிய கஞ்சிதான் இறங்கும். இதற்கு நடுவே எதுவும் அப்போதே சமைத்ததாக இருக்க வேண்டும். ஓட்டல் சட்னி, வெட்டி வைத்த பழம் எல்லாம் கூடாது. வேலூர் மே மாத வெயிலில் காலையில் வைத்த சாம்பார் மதியமே புளித்துவிடும், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

லாட்ஜிலும் சமைக்கலாமே என்பீர்கள். வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வருவதால் பல லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் நாங்கள் இருந்த இடத்தில் பொதுச் சமையலறைக்கு வரிசை, பாத்திரம் கழுவ ஒரே குழாய். ரூமுக்குள்ளேயே சமைத்தாலோ தாளிக்கிற புகை கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளை மூக்கில்தான் ஏறும். போர்ஷனில் சமையலறைக் கதவைச் சாத்திவிடலாம்.

குறையும் உண்டு. அட்வான்ஸ் கேட்பார்கள், வார்டில் இருக்கிற நாளுக்கும் வாடகை ஓடும். 'நோயாளிப் பிள்ளை' என்றதும் சில வீட்டுக்காரர்கள் முகம் மாறும். பத்துப் பதினைந்து நாளில் ஊர் திரும்புகிறவர்களுக்கு லாட்ஜே சரி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், வைத்தியம் சிஎம்சியின் ஊருக்குள் இருக்கிற பழைய வளாகத்திலா, 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகத்திலா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நல்ல தூரம். அப்புறம், தரைத்தளமாகப் பாருங்கள். கீமோவில் போடும் வின்கிறிஸ்டின் ஊசி போகப் போகக் காலில் வலுவைக் குறைக்கும். மாடி போர்ஷன் வாடகை மலிவுதான், ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள்.