கிருஷ்ணகிரி, தர்மபுரியில் கம்பெனி லோகோ சட்டை: ஆர்டர் முதல் இஸ்திரி வரை

கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுன்களில் 'கம்ப்யூட்டர் எம்பிராய்டரி' போர்டு மாட்டிய கடைகள் பெரும்பாலும் கல்யாண ப்ளவுஸை நம்பி ஓடுபவை. கம்பெனி பெயர் போட்ட சட்டை அவர்களுக்கு இடையில் வரும் வேலைதான். இதை மனதில் வைத்து ஆர்டர் கொடுத்தால் 20, 30 சட்டைக்கு இந்தக் கடைகளே போதும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டாம். எதுவும் சொல்லாமல் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தால், ப்ளவுஸுக்குப் போடும் அதே நூலும், துணிக்குப் பின்னால் தாங்கலாக வைக்கும் அதே பேப்பரும் சட்டையிலும் ஏறிவிடும். ப்ளவுஸ் வருடத்துக்கு நாலு தடவை உடுத்துவது, பெரும்பாலும் டிரை வாஷ். சட்டையோ வாரம் இரண்டு தடவை தண்ணீரில் விழுகிறது. எல்லாக் கோளாறும் இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் நூல். ப்ளவுஸுக்குப் பளபளப்பு வேண்டும் என்று ரேயான் நூல் வைத்திருப்பார்கள். அழகான நூல்தான், ஆனால் ப்ளீச் பட்டால் வெளுக்கும், ஈரத்தில் பலம் குறையும். அடிக்கடி துவைக்கும் சட்டைக்கு 40 நம்பர் பாலியஸ்டர் நூல் என்று வாயால் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும், ரேயான் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். லோகோவில் தங்க நிறம் இருந்தால் ஜரிகை போடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். தங்க நிறப் பாலியஸ்டர் நூலே போதும். ஜரிகை துவைக்கத் துவைக்கக் கறுக்கும், உரியும்.

அடுத்தது பஞ்சிங். லோகோ படத்தை மெஷின் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றும் வேலை இது. ஒரு தடவை மட்டும் கொடுக்கும் கூலி என்பதால் பலர் இங்கேதான் பேரம் பேசுகிறார்கள். பேரம் பேசக் கூடாத இடம் இது ஒன்றுதான். சாஃப்ட்வேரில் ஒரு பட்டனைத் தட்டி 'ஆட்டோ' பஞ்சிங் செய்தால் எழுத்தின் ஓரம் ரம்பப் பல் போல வரும், நிறங்களுக்கு நடுவே துணி தெரியும். தையல் விழும்போது துணி உள்நோக்கி இழுபடும் என்பதைக் கணக்கிட்டு, தெரிந்தவர் ஒவ்வொரு ஓரத்தையும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தி வைப்பார். மேல் தையலுக்கு முன்னால் அடித்தையலும் போடுவார். தையல் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கெட்டியாகத் தெரியட்டும் என்று 0.3க்குக் குறைத்தால் மெல்லிய பாப்லின் துணி சுற்றிலும் சுருங்கிக்கொள்ளும்.

தமிழ் எழுத்தில் கம்பெனி பெயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலக் கேப்பிடல் எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்திலும் படிக்கும்படி வரும். தமிழுக்கு அது போதாது. ண, ணை, ழை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிருஷ்ணகிரியில் 'ஷ்' மேல் ஒரு புள்ளி, தர்மபுரியில் 'ர்' மேல் ஒரு புள்ளி. அந்த இடத்தில் ஊசி ஒரே துளையில் நாலைந்து முறை இறங்கினால் துணியில் ஓட்டை விழும், அல்லது நூல் அறுந்து 'தரமபுரி' என்று நிற்கும். தமிழ் எழுத்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். புள்ளியை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல், எழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்கச் சொல்லுங்கள். இடமே இல்லையென்றால் 60 நம்பர் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் உதவும். ஆனால் ப்ளவுஸ் கடைகளில் இவை எப்போதும் இருப்பதில்லை, முன்கூட்டியே கேளுங்கள். 'நிறுவப்பட்டது' வருடம், போன் நம்பர், வெப்சைட் எல்லாம் விசிட்டிங் கார்டில் இருந்தால் போதும், நெஞ்சில் வேண்டாம்.

லோகோவின் அகலம் 8 சென்டிமீட்டர் சரியான அளவு. 38 சைஸுக்கும் 44 சைஸுக்கும் பொருந்தும். பின்னணியை நூலால் நிரப்பாமல் சட்டையின் நிறத்தையே பின்னணியாக விட்டால் 5,000 முதல் 8,000 தையலில் முடியும். வட்டம் முழுக்க நிரப்பினால் 15,000 தாண்டும். கூலி ஆயிரம் தையல் கணக்கு என்பதால் பணமும் ஏறும், நெஞ்சில் அட்டை ஒட்டியது போல விறைப்பாகவும் இருக்கும். முகூர்த்த மாதங்களில் கொடுத்தால் ப்ளவுஸ் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். ஆடி, மார்கழியில் மெஷின் காலியாக இருக்கும், பஞ்சிங்குக்கும் பொறுமையாக உட்காருவார்கள். ஆயுத பூஜைக்குச் சட்டை வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாக்கெட் விஷயத்தில் நடக்கும் தவறு சகஜமானது, திருத்த முடியாததும்கூட. தைத்து முடித்த சட்டையின் பாக்கெட் மேலேயே லோகோ போட்டால் பாக்கெட்டும் சட்டைத் துணியும் சேர்ந்து தைபட்டுவிடும். பேனாகூட உள்ளே போகாது. பாக்கெட்டில்தான் வேண்டுமென்றால் அதைப் பிரித்து எடுத்துத் தனியாகப் போட்டு மறுபடி வைத்துத் தைக்க வேண்டும், அல்லது சட்டை தைப்பதற்கு முன்பே பாக்கெட் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். பாக்கெட் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே லோகோவின் அடி வருமாறு போடுவதே நல்லது, செலவும் குறைவு. பாக்கெட் இல்லாத சட்டையில் தோள் தையலிலிருந்து ஏழரை முதல் எட்டு அங்குலம் கீழே, பட்டன் பட்டியின் நடுவிலிருந்து நாலு அங்குலம் தள்ளி லோகோவின் மையம் வரட்டும்.

துணியும் பேப்பரும் சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. முன்கூட்டியே நனைத்துச் சுருங்க வைக்காத காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், நூல் சுருங்காது. அதனால்தான் புதிதில் தட்டையாக இருந்த லோகோ ஒரே வாரத்தில் அப்பளம் போலக் கொப்பளிக்கிறது. டெய்லரிடம் தைப்பவர்கள் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே கொடுங்கள். தினசரி உடுத்துவதற்கு 65/35 பாலியஸ்டர் காட்டன் கலப்பு இந்தத் தொல்லை குறைந்தது. பின்பக்கப் பேப்பரில் இரண்டு வகை உண்டு: கிழித்து எடுப்பது, கத்தரித்து விடுவது. கெட்டியான ஆக்ஸ்ஃபோர்டு சட்டைக்குக் கிழிக்கும் பேப்பர் போதும். மெல்லிய பாப்லினுக்கும் காலர் டி-ஷர்ட்டுக்கும் கத்தரிக்கும் பேப்பர்தான் வேண்டும். டி-ஷர்ட்டில் கிழிக்கும் பேப்பரைப் போட்டால் சில துவைப்பிலேயே லோகோ உருண்டுவிடும். வெள்ளைச் சட்டைக்குள் கறுப்புப் பேப்பர் வைத்துவிட்டால் நெஞ்சில் நிழல் தெரியும். வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மொத்த வேலையைத் தொடங்கவிடும் முன், உங்கள் துணியிலேயே ஒரு சாம்பிள் கேளுங்கள். கடையில் கிடக்கும் கட்பீஸில் போட்டுக் காட்டுவது சாம்பிள் ஆகாது. தவறாகப் போட்ட எம்பிராய்டரியைப் பிரித்தால் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும். சாம்பிளின் பின்பக்கத்தைத் திருப்பினால், எழுத்துத் தையலின் நடுவில் வெள்ளைப் பாபின் நூல் (மெஷினின் அடியிலிருந்து வரும் நூல்) மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குத் தெரிய வேண்டும். பாபின் நூலே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது. முன்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுகியிருக்கிறது. இரண்டுமே ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை. துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமின் தடத்துக்குப் பயப்பட வேண்டாம், தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு சட்டை மட்டும் போடும் ஒற்றைத் தலை மெஷினில் 7,000 தையல் லோகோ, நிமிடத்துக்கு 700 வேகத்தில் பத்து நிமிடம் எடுக்கும். ஃபிரேம் மாற்ற இரண்டு மூன்று நிமிடம் சேர்த்தால் மணிக்கு நாலைந்து சட்டை. முப்பது சட்டைக்கு ஒரு நாள், நூறுக்கு மூன்று நாள். நூறைத் தாண்டினால் ஓசூர் பக்கம், சிப்காட் தொழிற்சாலைகளுக்கு யூனிஃபார்ம் தரும் பல தலை மெஷின் யூனிட்களே மேல். அங்கே பேப்பரும் நூலும் சட்டைக்கென்றே இருக்கும், எல்லாச் சட்டையிலும் லோகோ ஒரே உயரத்தில் வரும். குறை என்னவென்றால் பத்துச் சட்டைக்கு அவர்கள் மெஷினை நிறுத்த மாட்டார்கள். புதிதாகச் சேரும் இரண்டு பேருக்குச் சட்டை வேண்டுமென்றால் டவுன் கடைதான். ஆகவே எங்கே போட்டாலும் டிஎஸ்டி ஃபைலையும் (பஞ்சிங் செய்த தையல் ஃபைல்) நூல் நிறங்களின் ஷேடு கார்டு நம்பர்களையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சிங் கூலி கொடுத்த பிறகு ஃபைலைத் தரமாட்டேன் என்று சொல்லும் கடையில் போடாதீர்கள். பில்லைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு சட்டை 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம்.

இனித் துவைப்பது. இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பானது. ஃப்ளோரைடு பிரச்சினைக்காக 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தும், துணிக்கு இன்னும் போர் தண்ணீர்தான். இந்தத் தண்ணீரில் பார் சோப்பு நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி நூல்களுக்கு நடுவே தங்கும். கறுப்பு, நீல லோகோ சாம்பல் பூத்தது போலத் தெரிவதற்கு இதுவே காரணம், சாயம் போனதல்ல. பவுடரோ லிக்விடோ பயன்படுத்துங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். ப்ளீச்சோடு மட்டும் வினிகரைக் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்.

சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். கல்லில் அடிப்பதும் காலருக்குப் போடும் பிரஷை லோகோவில் தேய்ப்பதும் நூலைப் பிசிறாக்கும். சொட்டு நீலத்தை முதலில் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே வெள்ளைச் சட்டையை நனையுங்கள். கஞ்சி போடுவதாக இருந்தால் காலரோடும் கைப்பட்டியோடும் நிறுத்துங்கள். லோகோவில் ஏறிய கஞ்சி இஸ்திரிச் சூட்டில் பழுப்பாகும். கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்க வழியில்லை, லோகோ மேல் நேராக வைத்தால் பாலியஸ்டர் நூல் நசுங்கிப் பளபளக்கும், சில சமயம் உருகும். இஸ்திரிக்காரரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, லோகோவைத் தடிமனான துண்டு மேல கவுத்துப் போட்டு, பின்பக்கமா தேய்ங்க." நூல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் விட்டுக் கத்தரித்து, மிச்சத்தை ஊசி முனையால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.