ஈராண்டு எலிச் சோதனை: ஒப்பந்த ஆய்வகச் சேவை எப்படி?

ஒரு மாசு புற்றுநோய் உண்டாக்குமா என்று எலிகளில் பார்க்கும் இந்தச் சோதனையை ஒப்பந்த ஆய்வகத்தார் ஓஇசிடி 451 என்ற பன்னாட்டு நெறிமுறைப்படி செய்து தருகிறார்கள்: மாசின் மூன்று அளவுகள், மாசு கொடுக்காத ஒப்பீட்டுக் குழு, ஒவ்வொன்றிலும் 50 ஆண், 50 பெண், எலிக்கு 24 மாதம். வடிவமைப்பில் குறையில்லை. சறுக்குவது அன்றாட வேலையில்தான். இரவில் செத்த எலியைக் காலையில் எடுத்தால் திசு சிதைந்து, ஸ்லைடு எதற்கும் உதவாது. இரவிலும் விடுமுறையிலும் கூண்டு பார்க்க ஆள் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஆவியாகும் மாசு என்றால், அதைத் தீவனத்தில் கலந்த அன்று அளந்தது போதாது. கூண்டுத் தட்டிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். எஃப்344 என்ற ஆய்வக எலி வகையைத் தலையில் கட்டினால் யோசியுங்கள்: முதிய ஆண்களில் விந்தகக் கட்டி தானாகவே மிகுதி, மாசின் விளைவு அதில் மறைந்துபோகும். பழைய ஒப்பீட்டுக் குழுக்களின் கட்டிக் கணக்கைக் காட்டாத ஆய்வகத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.