துரையின் பாவசங்கீர்த்தனம்

ஆன் ரைஸ் எழுதிய ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ 1976இல் வந்த நாவல். ரத்தம் குடிக்கிற காட்டேரிக் கதை என்று கேள்விப்பட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுக்கி வைத்தவர்கள் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் நிறைய பேர். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். காட்டேரிக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் விசுவாசத்தில் வளர்ந்த ஒருவன் கடவுளைத் தொலைத்துவிட்டு, சாகவும் முடியாமல், ஏறக்குறைய இருநூறு வருடம் அவரைத் தேடி அலைகிற கதையும் அதுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் படிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் காட்டேரி ஒரு தோட்டத்துத் துரை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டோம், வீடு இப்போது ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். எந்தக் கண்ணோடு இந்த நாவலைப் படித்தேன் என்பது தெரிந்தால்தான் இனிச் சொல்லப்போவது விளங்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறை. டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். எதிரில் லூயி என்ற அந்தக் காட்டேரி. அவன் தன் கதையை ஒரே ராத்திரியில் சொல்லி முடிக்கிறான். 1791ஆம் வருடம், நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில், மிசிசிப்பி ஆற்றோரம் அவனுக்கு இரண்டு அவுரித் தோட்டங்கள். பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயது இருபத்தைந்து. அவுரி என்றால் நீலச் சாயம். செடியை வெட்டித் தொட்டியில் ஊறப்போட்டு, அழுகவிட்டு, அந்த நாற்றத்தில் நின்று தண்ணீரை அடித்து அடித்துச் சாயம் எடுக்க வேண்டும். அந்த வேலையை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் செய்தார்கள்.

கதை உண்மையில் ஆரம்பிப்பது லூயியின் தம்பியிடம். சின்ன வயசு, எந்நேரமும் செபம். அண்ணன் அவனுக்கென்று வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு செபக்கூடம் கட்டிக்கொடுக்கிறான். அங்கே அவனுக்குக் காட்சிகள் கிடைக்க ஆரம்பிக்கின்றன. புனித தோமினிக் வருகிறார், மாதா வருகிறார். தோட்டத்தையும் வீட்டையும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு பிரான்ஸுக்குப் போய்க் கடவுளின் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். தம்பி இதை வந்து சொல்ல, அண்ணன் சிரித்துவிடுகிறான். மனம் உடைந்து வெளியே போன தம்பி, வராந்தாவிலிருந்து இறங்கும் செங்கல் படிகளின் உச்சியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து சாகிறான். ஆகாயத்தில் எதையோ கண்டவன் போல நிமிர்ந்து பார்த்தான், அப்புறம் விழுந்தான் என்று பார்த்த வேலையாட்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். லூயி கத்தோலிக்கன்தான். புனிதர்கள் ஒரு காலத்தில் காட்சி கண்டார்கள் என்று நம்புகிறவன்தான். தன் வீட்டில், தன் தம்பிக்கு அது நடக்கும் என்று மட்டும் அவனால் நம்ப முடியவில்லை. அதிலும் அந்தக் காட்சி, சொத்தை விற்கச் சொல்கிறது! பணக்கார வாலிபனிடம் இயேசு, உனக்குள்ளதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் அவன் வருத்தத்தோடு போய்விட்டான் என்று மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோமே, அந்த வாலிபனின் மீதிக் கதையைத்தான் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

1994இல் வந்த சினிமாவை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. படத்தில் தம்பியே கிடையாது. மனைவியும் பிள்ளையும் இறந்த துக்கத்தில் லூயி சாவைத் தேடுவதாக மாற்றிவிட்டார்கள். பிராட் பிட்டும் டாம் குரூஸும் நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள். ஆனால் தம்பியை எடுத்ததோடு செபக்கூடம் போயிற்று, காட்சி போயிற்று, அண்ணனின் சிரிப்பும் போயிற்று. மிஞ்சியது ஓர் அழகான சோகப் படம். படம் பார்த்தாயிற்று, புத்தகம் வேண்டாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

சாக வேண்டும் என்று திரிகிற லூயியைத்தான் லெஸ்டாட் என்ற காட்டேரி வந்து பிடிக்கிறான். அவனுக்கு லூயியின் தோட்டமும் வீடும் வேண்டும். கண் தெரியாத தகப்பனை வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். லூயியைத் தன்னைப் போல மாற்றுகிறான். லூயிக்கோ மனிதரைக் கொல்ல மனம் வரவில்லை. வருடக்கணக்கில் எலியையும் மிருகங்களையும் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறான். லெஸ்டாட் அப்படியில்லை. ராத்திரி ஆனால் அவனுக்கு ஆள் வேண்டும், அடிமைகளும் அவனுக்கு இரையாகிறார்கள்.

துரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் அந்த அடிமைகள்தான். பகலில் முகம் காட்டுவதில்லை, தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது, ஆட்கள் செத்துப்போகிறார்கள். அவர்கள் ராத்திரியில் கூடிப் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் லூயியை மரியாதைக்குரிய கனவானாக நினைத்துக்கொண்டிருந்தபோதே, குடிசைகளில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆன் ரைஸ் இதை எப்படிப் பிடித்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். துரை பங்களாவில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தக் கிராணியின் (கணக்கரின்) கணக்கு இடிக்கிறது என்பதெல்லாம் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்கும்போதே காதோடு காதாகப் போய்விடும் என்று அம்மா சொல்வார். ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்று பெரியவர்கள் துரையைத் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அது ஒரு நாவலில் அப்படியே நிஜமாக நடப்பதைப் படித்தபோது கை நடுங்கியது.

அடிமைகள் கடைசியில் எழுகிறார்கள். லூயி தன் கையாலேயே வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு லெஸ்டாட்டோடு ஓடுகிறான். கதை நடக்கிற 1791 ஒன்றும் சாதாரண வருடம் இல்லை. அந்த வருடம் ஆகஸ்டில்தான் செயின்ட் தொமிங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்து எழுந்தார்கள். அந்தப் போராட்டம் 1804இல் ஒரு சுதந்திர நாடாக முடிந்தது. கரீபியக் கரையோரம் அவ்வளவு பெரிய தீ எரிந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த நாவலின் துரை தன் ஒரு தம்பிக்காக மட்டும் அழுதுகொண்டிருக்கிறான்.

நாவலின் உச்சம் என்று நான் நினைப்பது நியூ ஆர்லியன்ஸ் பேராலயத்தில் நடக்கும் காட்சி. லூயி உள்ளே போகிறான். ஒன்றுமே நடக்கவில்லை. இடி விழவில்லை, சிலுவை அவனைச் சுடவில்லை. சிலுவையைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும் என்றுகூட ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பான். அங்கே உட்கார்ந்திருக்கும்போது, இயற்கைக்கு மீறிய ஒன்று இந்தக் கோயிலுக்குள் இருக்கிறதென்றால் அது நான் மட்டும்தான் என்று அவனுக்கு உறைக்கிறது. சாத்தான் வந்து நின்று பயமுறுத்தியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான், சாத்தான் இருந்தால் கடவுளும் இருப்பார் அல்லவா? எவரும் வராத அந்த வெறுமைதான் அவனுக்குத் தண்டனை. அப்புறம் ஒரு குருவானவர் வந்து, பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, வேண்டுமா என்று கேட்கிறார். லூயி முழங்கால்போட்டுச் சொல்கிறான், எத்தனையோ வருடமாக ராத்திரி ராத்திரியாகக் கொன்றதை. தன்னைக் கேலி செய்கிறான் என்று குருவானவருக்குக் கோபம் வருகிறது. நம்பாத அந்த மனிதரையும் லூயி கொன்றுவிடுகிறான்.

சின்ன வயதில் தோட்டத்து மண்டபத்துக்கு மாதம் ஒரு தடவை ஃபாதர் வருவார். பாவசங்கீர்த்தனம் கேட்கத் தனிக் கூண்டெல்லாம் கிடையாது. அவர் ஒரு நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்க, நாங்கள் வரிசையில் போய் முழங்கால்போட்டுச் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற அந்த நிச்சயம் இல்லாமல்போனால் மனிதன் என்ன ஆவான் என்பதை ஆன் ரைஸ் அளவுக்கு நேராகச் சொன்ன கதை எதையும் நான் படித்ததில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சாயங்காலங்களில் இந்தக் கதையைப் பாகம் பாகமாக அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பேராலயக் காட்சியைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

“ஏம்மா, தோட்டத்துல இருந்த சனங்கள வெச்சு வேல வாங்குனானே, அதச் சொன்னானா ஃபாதர்கிட்ட?”

“கொன்னத எல்லாம் சொன்னாம்மா.”

“அது பேயானதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி மனுசனா இருந்தப்ப செஞ்சது?”

திரும்பப் போய்ப் பார்த்தேன். இல்லை. காட்டேரியாகச் செய்த கொலைகள் அவன் நெஞ்சை அறுக்கின்றன, தம்பியைப் பார்த்துச் சிரித்தது அறுக்கிறது. மனிதனாக, ஞாயிறு பூசை காண்கிற நல்ல கத்தோலிக்கனாக இருந்த காலத்தில் மனிதர்களைச் சொந்தமாக வைத்திருந்தது அவனுடைய பாவக் கணக்கில் வரவே இல்லை. ஆசிரியருக்கும் அது பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை. தன் இரை என்ன என்பதில் அத்தனை மனசாட்சி பார்க்கிற ஒருவனுக்கு, தன் சோறு எங்கிருந்து வந்தது என்பதில் மனசாட்சியே இல்லை. இந்த நாவலின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். இத்தனை ஆழமாகப் போன ஒருவர் இந்த இடத்தில் நின்றுவிட்டாரே என்கிற வருத்தம்.

அம்மா அப்புறம் இன்னொன்றும் கேட்டார். “அந்தச் சனங்க செத்தாங்களே, அவங்களுக்கு யாரு பூச வெச்சா?” கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் 2ஆம் தேதி நாங்கள் பழைய தோட்டத்துக்குப் போவோம். செம்பனைக்கு நடுவில் ஒரு துண்டு நிலம், பாதிக் கல்லறைகளில் பெயர் கிடையாது. மலேரியாக் காய்ச்சலில் போனவர்கள் யார், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வந்து செத்தவர்கள் யார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. 1948 ஜூன் 16இல் எங்கள் சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பத்து காஜா என்ற ஊரில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வருடாவருடம் ஜூனில் நினைவு அஞ்சலி நடக்கிறது. நடக்கட்டும், அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். அந்த மாதிரி ஓர் அஞ்சலி பெயரில்லாத கல்லறைகளுக்கும் வேண்டும் என்றுதான் அம்மா கேட்கிறார்.

மற்றபடி சொல்ல வேண்டியவை. குளோடியா என்ற சிறுமி வருகிறாள். ஐந்து வயதில் காட்டேரியாக்கப்பட்டதால் உடம்பு வளரவே வளராது, மனசு மட்டும் பெரிய பெண்ணாகிவிடும். ஆன் ரைஸின் மகள் மிஷேல் 1972இல் ரத்தப் புற்றுநோயால், ஆறு வயது நிரம்புவதற்குள் இறந்துபோனாள். அதற்கு அடுத்த வருடம் எழுதியது இந்த நாவல். இதைத் தெரிந்துகொண்டு குளோடியா வரும் பக்கங்களைப் படியுங்கள். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்து, வாலிபத்தில் விசுவாசத்தை விட்ட ஒரு தாய், இறந்த பிள்ளையைச் சாகாதவளாக எழுதிப் பார்க்கிறாள், அதுவும் ஆறுதலாக இல்லை என்று கண்டுகொள்கிறாள்.

பாரிஸ் பகுதி நீளம். நானூறு வயதுக் காட்டேரி அர்மான்டிடம் போய், கடவுளைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று லூயி கேட்கிறான். ஒன்றும் தெரியாது என்கிறான் அவன். அந்தப் பதில் விழும் இடம் பிரமாதம். அதைச் சுற்றி வரும் பேச்சைப் பாதியாக வெட்டியிருக்கலாம். கிழக்கு ஐரோப்பாப் பயணத்தை வேகமாகப் புரட்டலாம். ஆங்கிலம் கொஞ்சம் கனம், வாக்கியங்கள் நீண்டு நீண்டு போகும், அவசரத்தில் படிக்க முடியாது. குளோடியாவுக்கும் லூயிக்கும் இருக்கும் பாசத்தை ஆசிரியர் காதலைப் போல எழுதுகிற இடங்கள் எனக்கு முகம் சுளிக்க வைத்தன. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

2022இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கதையை இருபதாம் நூற்றாண்டுக்கு நகர்த்தி, லூயியைக் கறுப்பினத்தவனாக ஆக்கியிருக்கிறார்கள். தம்பியையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடிமைத் தோட்டத்தின் துரையை நாயகனாக வைத்துக்கொண்டு இனிமேலும் கதை சொல்ல முடியாது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ, துரையைத் துரையாகவே வைத்து, அவன் வாயிலிருந்தே அந்தக் கணக்கையும் வரவழைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று படுகிறது.

ஆன் ரைஸ் 1998இல் திருச்சபைக்குத் திரும்பி வந்தார், 2010இல் கிறிஸ்துவை விடவில்லை, கிறிஸ்தவர் என்ற அடையாளத்தை விடுகிறேன் என்று அறிவித்தார், 2021 டிசம்பரில் காலமானார். லூயியைப் படித்தவர்களுக்கு இந்தப் போக்குவரத்து வியப்பாக இருக்காது. பூசைக்குப் பிறகு பெண்கள் கூடுகிற நேரத்தில் இதைப் பற்றிப் பேசலாம் என்று ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். புத்தகம் என்னிடம் ஒரு பிரதிதான், ஈப்போவில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எங்கள் பங்கில் யாருக்கு வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் தம்பி வரும் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.